பார்த்தது பேனாவில், பெயர் பென்சிலில்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் தோட்டத்தில் யாரும் கையில் குச்சி இல்லாமல் காப்பிச் செடிகளுக்குள் நுழைவதில்லை. பாம்புக்காக இல்லை, முகத்தில் வந்து அப்பும் வலைக்காக. இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, வெயில் பட்டால் பித்தளைக் கம்பி மாதிரி மின்னும் ஒரு வலை. அதில் தலைகீழாக, விரித்த கை அளவுக்கு ஒரு சிலந்தி. வத்தலகுண்டிலிருந்து தாண்டிக்குடிப் பக்கம் வாக்கப்பட்டு வந்த முதல் வருடம், அதில் முகத்தைக் கொடுத்துவிட்டு எடை போடும் களம் வரைக்கும் கத்திக்கொண்டே ஓடினேன். பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. இப்போது யாராவது அந்தக் குச்சியால் வலையைச் சுருட்டினால் எனக்குக் கோபம் வருகிறது.

அந்தச் சிலந்தியின் பேரினம் நெஃபிலா. அதை உங்கள் தோட்டத்தில் எப்படித் தேடுவது, வேறு சிலந்திகளிலிருந்து எப்படிப் பிரித்து அறிவது, ஒரு நோட்டில் எப்படி எழுதி வைப்பது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். நான் விலங்கியல் படித்தவள் இல்லை. படித்தது பி.காம்., பார்ப்பது தோட்டத்துக் கணக்கு. ஆனால் இந்த வேலைக்குக் கணக்குப் புத்தி ரொம்ப உதவுகிறது. கணக்கில் வவுச்சர் வேறு, அதை எந்தத் தலைப்பில் எழுதுகிறோம் என்பது வேறு. ஆடிட்டர் வந்து உட்கார்ந்தால் தலைப்பை மாற்றுவார். வவுச்சரை மாற்ற முடியாது. சிலந்தியிலும் அப்படித்தான். நீங்கள் கண்ணால் பார்த்தது வவுச்சர். பெயரும் குடும்பமும் தலைப்பு. முதலாவதைப் பேனாவில் எழுதுங்கள், இரண்டாவதைப் பென்சிலில். ஏன் பென்சில் என்பது போகப்போகத் தெரியும்.

வேண்டிய சாமான்கள் எல்லாம் வீட்டிலேயே இருக்கும். ஒரு நீள நோட்டு, பேனா, பென்சில், பிள்ளைகளின் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல், போன். அப்புறம் ஒரு கறுப்புக் குடை. குடை மழைக்கு அல்ல. வலைக்குப் பின்னால் விரித்துப் பிடிப்பதற்கு. பச்சை இலைகளின் முன்னால் கண்ணுக்கே தெரியாத நூல்கள் கறுப்புத் துணியின் முன்னால் ஒவ்வொன்றாக எழுந்து வரும். வலை படத்தில் நன்றாக விழ வேண்டும் என்று சிலர் மைதா மாவு, பவுடர் எல்லாம் தூவுகிறார்கள். வேண்டாம். பசையில் மாவு ஒட்டினால் அந்த வலை அன்றைக்குச் சாப்பாடு போடாது. மலையில் இருக்கும் நமக்கு அதற்கு அவசியமும் இல்லை. காலை ஏழு மணி மஞ்சு, அதாவது மூடுபனி, அந்த வேலையைத் தானே செய்து வைத்திருக்கும்.

புரட்டாசியிலிருந்து மார்கழி வரை பெரிய பெண் சிலந்திகளைப் பார்க்கலாம். செடிக்குள் புகுந்து தேடாதீர்கள். பாதை ஓரம், ஓடையின் மேல், கரண்டுக் கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே என்று பூச்சிகள் பறந்து போகிற சந்துகளில் தேடுங்கள். கீழ்ப்பழனி மலையில், காப்பியும் மிளகும் மலைவாழையும் விளைகிற உயரத்தில், நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கொடைக்கானல் ஏரிப் பக்கம், 2,100 மீட்டருக்கு மேலே, ஒன்றுகூடப் பார்த்ததில்லை.

முதலில் சிலந்தியைப் பார்க்காதீர்கள், வலையைப் பாருங்கள். பெரிசாக ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்றவுடன் எல்லோரும் அதையே பார்ப்போம், நானும் அப்படித்தான் பார்த்தேன். ஆனால் சிலந்தி நிறம் மாறும், வயது மாறும், கால் ஒன்று உடைந்தும் இருக்கும். வலை கட்டும் முறை அவ்வளவு சுலபத்தில் மாறாது.

குடையைப் பின்னால் பிடித்துக்கொண்டு மூன்று விஷயங்களை எழுதுங்கள். முதலாவது நிறம். வெயில் சாய்ந்து விழும்போது மஞ்சளாக மின்னும். இரண்டாவது, சிலந்தி உட்காரும் மையம் எங்கே இருக்கிறது? நெஃபிலாவின் வலையில் அது நடுவில் இருக்காது. மேல் விளிம்புக்கு நெருக்கமாக ஏறி இருக்கும், கீழே வலை பாவாடை மாதிரி அகன்று தொங்கும். பெண் பெரிசாக ஆக ஆக இந்தக் கோணல் கூடும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. கிட்டே போய், ஒரு சாண் தூரத்திலிருந்து, குறுக்கு நூல்களை எண்ணிப் பாருங்கள். சக்கர வலை கட்டுகிற சிலந்தி எதுவானாலும் முதலில் ஆரக்கால் நூல்களை இழுக்கும். பிறகு பசை இல்லாத ஒரு சுருளை அகல அகலமாகச் சுற்றும். கட்டிட வேலைக்குச் சாரம் கட்டுவது போல அது. அந்தச் சாரத்தில் நின்றபடி வெளியிலிருந்து உள்ளே பசைநூலைப் போட்டுக்கொண்டு வரும்; வர வர சாரத்தை அறுத்துக்கொண்டே வரும். நெஃபிலாவும் அதன் நெருங்கிய சொந்தங்களும் சாரத்தைப் பிரிப்பதில்லை. அப்படியே விட்டுவிடும். அதனால் கிட்டப் பார்த்தால், கொஞ்சம் பசைநூல், ஒரு சாரநூல், மறுபடி கொஞ்சம் பசைநூல், ஒரு சாரநூல் என்று கட்டுக்கட்டாகத் தெரியும். இங்கிலீஷ் எழுதிப் பழகும் நாலு கோட்டு நோட்டு ஞாபகம் வருகிறதா? அச்சு அசல் அதுதான். எங்கள் பெண் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது அவள் நோட்டையும் வலையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

இந்தச் சாரம் இருப்பதால் வலை உறுதி. மற்றச் சக்கர வலைச் சிலந்திகளில் பல தினமும் வலையைத் தின்றுவிட்டுப் புதிதாகக் கட்டும். நெஃபிலா ஒரு பாதியை மட்டும் புதுப்பிக்கும், மறு பாதி பழசாகவே இருக்கும். ஒரு பக்கம் ஓட்டையும் சருகுமாக, இன்னொரு பக்கம் புத்தம் புதிதாக வலை இருந்தால் அதையும் எழுதுங்கள்.

தோட்டத்தில் இதோடு குழம்பக்கூடியவை சில உண்டு. வலை நடுவில் பட்டையாக, வெள்ளைத் தையல் போட்டது போல, பெருக்கல் குறி இருந்தால் அது ஆர்கியோப்பி. நான்கு ஜோடியாகக் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு அந்தக் குறி மேலேயே உட்கார்ந்திருக்கும். உடம்பில் முட்கள், வலை ஓர நூல்களில் பஞ்சு ஒட்டியது போல் வெள்ளைப் பொட்டுகள் என்றால் முட்சிலந்தி, காஸ்டிராகாந்தா. இவை இரண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

கூடாரச் சிலந்தியைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிவிடுகிறேன். சிர்டோஃபோரா என்பது பேரினம். வலை செங்குத்தாக நிற்காது; கொசுவலைத் துணி மாதிரி நெருக்கமாக, கிடைமட்டமாக விரிந்து, நடுவில் குடை போல் எழும்பியிருக்கும். பசையே கிடையாது. தினமும் பிரித்துக் கட்டாது, நாள்கணக்கில் நிற்கும், மேலே விழுகிற சருகைத் தாங்கும். திருவானைக்காவில் லிங்கத்தின் மேல் சருகு விழாமல் விதானம் கட்டிய சிலந்தி, யானை அதைக் கலைத்தது, அந்தச் சிலந்தியே கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்ற கதை நமக்கெல்லாம் தெரியும். அது எந்தச் சிலந்தி என்று என்னைக் கேட்டால் கூடாரச் சிலந்தி என்றுதான் சொல்வேன். நெஃபிலாவின் வலை சுவர் மாதிரி நிற்கும், விதானத்துக்கு ஆகாது. இதற்கு ஆதாரம் எல்லாம் கேட்காதீர்கள், நோட்டில் பென்சிலில்கூட எழுதவில்லை.

பலா மரத்துத் தண்டோடு தண்டாக, பட்டை நிறத்தில், தட்டையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஹெரெனியா. பார்க்க நெஃபிலா மாதிரி துளியும் இருக்காது, ஆனால் ரொம்ப நெருங்கிய சொந்தம். இது வகைப்பாட்டுக்கு வரும்போது தேவைப்படும்.

இப்போது சிலந்திக்கு வரலாம். வளர்ந்த பெண்ணின் உடம்பு, கால்களைச் சேர்க்காமல், முகத்திலிருந்து வயிற்று நுனி வரை மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர். ஸ்கேலைச் சிலந்திக்குப் பக்கத்தில், வலை இருக்கும் அதே தளத்தில் பிடித்துப் படம் எடுங்கள். ஒரு சாண் முன்னால் பிடித்தால் போன் பொய் சொல்லும். நான் அளந்ததில் பெரியது 42 மில்லிமீட்டர். வயிறு உருண்டையாக இல்லாமல் நீளமாக, உருளையாக இருக்கும். கறுப்பும் பழுப்புமான உடம்பில் நீளவாக்கில் மஞ்சள் கோடுகள். கறுப்புக் கால்களில் மூட்டுப் பக்கம் மஞ்சள். முதுகை எடுத்த பிறகு சுற்றிப்போய் அடிப்பக்கத்தையும் எடுங்கள், பக்கவாட்டிலும் ஒன்று, முழு வலையும் ஒன்று. இந்த நான்கு படமும் இல்லாமல் "இது என்ன சிலந்தி?" என்று யாருக்கும் அனுப்பாதீர்கள். பல சிலந்தி இனங்களில் இனப்பெருக்க உறுப்பை உருப்பெருக்கியில் பார்க்காமல் சிற்றினம் சொல்லவே முடியாது. வளர்ந்த பெண் நெஃபிலாவில் நமக்கு அந்தத் தொல்லை இல்லை, அளவும் கோடுகளும் போதும். அதுவே இளசாக இருந்தால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆண் ஐந்தாறு மில்லிமீட்டர்தான். செம்பழுப்பாக, பெண்ணுக்கு மேலே வலையின் ஓரத்திலோ மையத்துக்குப் பக்கத்திலோ பதுங்கியிருக்கும். ஒரே வலையில் இரண்டு மூன்றுகூட இருக்கும். முகத்தருகே இரண்டு சின்னக் கைகள், அவற்றின் நுனி உருண்டு பருத்திருந்தால் வளர்ந்த ஆண் என்று நிச்சயம்.

இங்கேதான் நான் இரண்டு வருடம் கோட்டை விட்டேன். என் பழைய நோட்டில் "ஆண் 7", "ஆண் 5" என்று வரிசையாக இருக்கிறது. அதே வரியில் "வெள்ளிப் பொட்டு மாதிரி மின்னியது, வயிறு கூம்பு" என்றும் எழுதியிருந்தேன். பின்னால் ஒருநாள் திருப்பிப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஆணுக்கு ஏது வெள்ளி? அவை எல்லாம் ஆர்கிரோடெஸ். பெரிய சிலந்தியின் வலையிலேயே குடியிருந்து, அதில் சிக்கும் குட்டிப் பூச்சிகளைத் திருடித் தின்கிற வேறொரு குடும்பத்துச் சிலந்தி. வாடகை கொடுக்காத குடித்தனம். எண்ணிக்கையை மட்டும் எழுதியிருந்தால் அந்த இரண்டு வருடக் கணக்கும் குப்பைக்குப் போயிருக்கும். மின்னியதையும் கூம்பையும் பேனாவில் எழுதியிருந்ததால் தலைப்பை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

சரி, பெயருக்கு வருவோம். எங்கள் மலையில் நான் பார்க்கும் இனத்தின் முழுப் பெயரை இப்படி எழுத வேண்டும்: நெஃபிலா பிலிபெஸ் (ஃபேப்ரீசியஸ், 1793). முதல் சொல் பேரினம். கிரேக்கத்தில் நூற்பதில் பிரியமுள்ளது என்று பொருள். 1815இல் லீச் வைத்தார். இரண்டாவது சொல் சிற்றினம், முடிக்கால் என்று பொருள். வளர்ந்த பெண்ணின் காலில் முடிக்கொத்தைத் தேடி ஏமாறாதீர்கள், இளசுகளில்தான் நான் பார்த்திருக்கிறேன். அடுத்து, முதலில் விவரித்தவரும் வருடமும். அதைச் சுற்றியிருக்கும் அடைப்புக்குறியை அலங்காரம் என்று விட்டுவிடக் கூடாது. முதலில் விவரித்தபோது இருந்த பேரினம் வேறு, இப்போது இருக்கும் பேரினம் வேறு என்பதற்கான அடையாளம் அது. ஃபேப்ரீசியஸ் காலத்தில் இது அரானியா. புகுந்த வீட்டுக்கு வந்த பிறகும் பிறந்த வீட்டுத் தகவல் அடைப்புக்குறிக்குள் ஒட்டிக்கொண்டு வருகிறது. பழைய புத்தகங்களில் நெஃபிலா மாகுலேட்டா என்று பார்த்தால் திகைக்க வேண்டாம், அதுவும் இதுதான்.

குடும்பம்தான் தலைவலி. எங்கள் பெண் 2016இல் பள்ளிப் பிராஜெக்டுக்கு இந்தச் சிலந்தியை எடுத்தாள். இணையத்தில் பார்த்து நெஃபிலிடே குடும்பம் என்று எழுதினோம். டீச்சர் கையில் இருந்த பழைய வழிகாட்டியில் டெட்ராக்னாதிடே. இரண்டு மார்க் போய்விட்டது. பெண் அழுதாள், நான் சண்டைக்குப் போகக் கிளம்பினேன், அத்தைதான் தடுத்தார். போகாதது நல்லதாகப் போயிற்று. மறு வருடமே இரண்டு பேரும் தப்பு என்று ஆகிவிட்டது.

நடந்தது இதுதான். ஆரம்பத்தில் இவை அரானெய்டே என்ற பெரிய சக்கரவலைக் குடும்பத்தில் இருந்தன. பிறகு நீளத் தாடைக்காரர்களின் குடும்பமான டெட்ராக்னாதிடேக்குத் தள்ளினார்கள். 2006இல் குன்ட்னர் என்ற ஆய்வாளர், உடல் அமைப்பையும் நடத்தையையும் வைத்து நெஃபிலிடே என்று தனிக் குடும்பமாகப் பிரித்தார். நெஃபிலா, மரத்தண்டு ஹெரெனியா எல்லாம் அதில். 2017இல் மரபணுக்களை ஒப்பிட்ட இன்னொரு குழு, மறுபடி அரானெய்டேக்குள் ஒரு துணைக்குடும்பமாகக் கொண்டுவந்தது. 2019இல் குன்ட்னர் குழு இன்னும் அதிக மரபணுத் தரவோடு மீண்டும் தனிக் குடும்பம் என்றது. 2020இல் வேறொரு குழு, வேண்டாம், அரானெய்டேக்குள்ளேயே இருக்கட்டும் என்றது.

இவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் சண்டை எதில் என்று பார்த்தால் நம் வீட்டுச் சண்டைதான். நெஃபிலாவும் ஹெரெனியாவும் உடன்பிறப்பு முறை என்பதில் தகராறு இல்லை. அரானெய்டேக்காரர்கள் பங்காளிகள் என்பதிலும் பெரிய தகராறு இல்லை. பங்காளிகளை ஒரே ரேஷன் கார்டில் வைப்பதா, தனிக்குடித்தனம் என்று தனிக் கார்டு கொடுப்பதா என்பதுதான் கேள்வி. சொந்தமுறையை மரபணு சொல்லும், கார்டை மனுஷர்தான் போட வேண்டும்.

பேரினமும் நிலையானது என்று நினைத்துவிடாதீர்கள். அதே 2019இல் நெஃபிலாவில் இருந்த பெரும்பாலான இனங்களைப் பிரித்து ட்ரைக்கோநெஃபிலா என்ற பேரினத்தில் வைத்தார்கள். மடகாஸ்கரில் சுமார் 12 லட்சம் சிலந்திகளின் நூலை எடுத்துத் தங்க நிறத்தில் ஓர் அங்கி நெய்து 2012இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் வைத்தார்களே, அந்தச் சிலந்தி அன்றைக்கு நெஃபிலா, இன்றைக்கு ட்ரைக்கோநெஃபிலா. நம்முடைய பிலிபெஸ் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. 2011இல் சீனாவில் கிடைத்த ஜுராசிக் காலப் புதைபடிவத்துக்கு நெஃபிலா ஜுராசிகா என்று பெயர் வைத்து, உலகமெல்லாம் செய்தி வந்தது. இரண்டே வருடத்தில் அது நெஃபிலாவே இல்லை என்று மங்கோலரக்னே என்ற புதுப் பேரினத்துக்கு மாற்றினார்கள். கல்லுக்கே இந்தக் கதி.

ஆகவே பென்சில். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அருங்காட்சியகம் உலகச் சிலந்திப் பட்டியலை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. 2022இல் அதில் 50,000 இனங்களைத் தாண்டிவிட்டார்கள். பேரினப் பெயரைப் போட்டுத் தேடி, அன்றைக்கு எந்தக் குடும்பத்தில் இருக்கிறதோ அதைப் பென்சிலில் எழுதி, பக்கத்திலேயே பார்த்த தேதியையும் போடுங்கள். தேதி இல்லாமல் குடும்பப் பெயர் எழுதுவது, தேதி இல்லாமல் காப்பி விலை எழுதுவது மாதிரி.

பேனாவில் எழுத வேண்டிய வரி எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்காக என் நோட்டிலிருந்து ஒன்று: "ஐப்பசி 9, காலை 7.20, மஞ்சு. ஓடைப் பாலத்துக்கு மேற்கே, சில்வர் ஓக்குக்கும் கல்யாண முருங்கைக்கும் நடுவே. மையம் தரையிலிருந்து 2 மீட்டர், மேல் விளிம்பிலிருந்து 25 செ.மீ. நூல் மஞ்சள், நாலு கோடு உண்டு. இடப்பாதி புதுசு. பெண் 38 மி.மீ., வலப்பக்கம் மூன்றாவது கால் இல்லை. செம்பழுப்புச் சின்னது 2, கை நுனி உருண்டை. வெள்ளிக் கூம்பு 4. வெட்டுக்கிளி தின்கிறது."

பழம் எடுக்க வருகிறவர்கள் உங்களிடம் கட்டாயம் ஒன்று கேட்பார்கள். எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டால் கொப்புளம் வருமாமே? வராது. காலையில் எழுந்தால் கழுத்தில் கோடு போட்டது போல் எரிச்சலோடு கொப்புளம் இருந்தால், பெரும்பாலும் அது பெடரஸ் என்ற சின்ன வண்டை இரவில் விளக்கு வெளிச்சத்தில் தெரியாமல் நசுக்கியதால் வந்தது. பாதி செம்மஞ்சள், பாதி கறுப்பாக, எறும்பு மாதிரி இருக்கும் அந்த வண்டு. அதன் உடம்புச் சாறுதான் சுடுகிறது. அக்கிக்கும் சிலந்திக்கும் சம்பந்தமே இல்லை, அது வைரஸ். நெஃபிலாவைக் கையில் பிடித்து அழுத்தினால் கடிக்கும், வலிக்கும்; ஆளுக்கு ஆபத்து இல்லை. பிடிக்கவே தேவையில்லாத வேலை இது என்பதால் அந்தப் பேச்சும் இல்லை. கொடைக்கானல் காடுகள் 2013 முதல் வனவிலங்கு சரணாலயம். அங்கே எதையும் பிடித்து டப்பாவில் போட்டுக்கொண்டு வராதீர்கள். சொந்தத் தோட்டத்தில் நின்று பார்க்கவே ஒரு பருவம் போதாது.

மார்கழியில் ஒருநாள் வலை காலியாக இருக்கும். குருவி தூக்கிப்போயிருக்கலாம். ஆனால் உடனே "போய்விட்டது" என்று எழுதிவிடாமல் கீழே தரையைப் பாருங்கள். மற்ற பல சிலந்திகள் முட்டைக் கூட்டை இலையிலோ கிளையிலோ தொங்கவிடும். நெஃபிலா பிலிபெஸ் மரத்தை விட்டு இறங்கி வந்து, மண்ணில் குழி பறித்து, நூல் பஞ்சுக்குள் முட்டையிட்டு, மேலே மண்ணும் சருகும் போட்டு மூடிவிடும். பத்தொன்பது வருடத்தில் இரண்டே முறைதான் நான் அதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது முறை அத்தை கூட இருந்தார். மேலே அத்தனை பெரிய வலையில் உட்கார்ந்திருந்தது கீழே வந்து, வயிறு சுருங்கி, சருகை இழுத்து மூடிக்கொண்டிருந்தது. அத்தை ஒன்றும் பேசவில்லை. களத்துப் பக்கம் போய் நாலு கல்லை எடுத்து வந்து குழியைச் சுற்றி வைத்தார். தோண்டிப் பார்க்காதீர்கள். நீங்களும் நாலு கல் வையுங்கள், களை எடுக்க வருகிறவர்களிடம் மண்வெட்டி அந்தப் பக்கம் வர வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.